ஒரு பெட்டி, இரண்டு வைத்தியம்

அத்தியாயம் 14

தம்பி கட்சி என்று கடிதம் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அக்கா கட்சிக்காரர்களும் அவசரப்பட வேண்டாம். இந்த வாரக் கூத்தைக் கேட்டுவிட்டு யார் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தாள் பெரியவள். அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டது. அம்மா கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடுகிறாள். ஆனால் தனியாகக் குளியலறைக்குப் போகப் பயம், தனியாகத் தூங்கப் பயம், தனியாக இருப்பது என்ற பேச்சை எடுத்தாலே பயம்.

கணவர் வெளியூரில் தானே சமைத்து, தானே துவைத்து, "எப்ப வர்ற?" என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டதுதான் இப்போது பெரியவளுக்கு அதிகம் வலிக்கிறது.

சின்னவன் இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் மனைவியோடு இருக்கிறான். கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேப் அவன் பொறுப்பு. மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம், அம்மாவின் மாத்திரையில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், "உன்னை யாரு இங்க இருக்கச் சொன்னா? நீயா வந்த, நீயா இருக்க" என்று அவன் வாயில் வந்து நின்றது.

பெரியவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "நான் வீட்டுல இருக்கறப்ப நீ இந்தப் படி ஏறாத" என்றாள்.

அவன் ஏறவில்லை. போன வாரம் அங்கேதான் விட்டோம்.

இன்று மூன்று மணிக்குப் பெரியவளுக்கு ஒரு பரீட்சை. கட்டப்போகும் கட்டடங்களை உள்ளே நடந்து பார்ப்பதுபோல் கம்ப்யூட்டரில் உருவாக்கித் தருவதுதான் அவள் தொழில். கணவர் இருக்கும் ஊரில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்று அவள் செய்த ஒரு மருத்துவமனைக் கூடத்தைப் பார்க்கக் கேட்டிருக்கிறது. வெறும் படம் அனுப்பினால் போதாது. வீடியோ அழைப்பில், அவர்கள் சொல்லச் சொல்ல, அந்தக் கூடத்தைத் திருப்பி, வெளிச்சத்தை மாற்றி, சுவரை நகர்த்திக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஒரு வருடத்துக்கு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே.

அந்த வேலை கிடைத்தால் அந்த வருமானத்தில் பெரியவளும் அம்மாவும் இந்த வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால், இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பெரியவள் கணவரிடம் போக வேண்டியதுதான், அம்மா நாலாவது மாடிக்குப் போக வேண்டியதுதான். ஒருமுறை ஏறினால் அம்மா அங்கிருந்து இறங்கப்போவதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட ஒரு நாளில், குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது.

பெட்டிக்குள் விசிறி ஓடுகிறது. விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் சிக்னல் இல்லை என்று ஒரு சின்ன எழுத்து வந்து, அதுவும் மறைந்துவிட்டது.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. பத்து நாளாக இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறாள். முதலில் திரையில் கலர் கலராகக் கோடு ஓடியது. அப்புறம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே படம் அணைந்து, பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டில்தான் கோளாறு என்று இணையத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அதன் டிரைவரை, அதாவது அந்தக் கார்டை ஓட்டும் மென்பொருளை, எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னார்கள். போட்டாள். கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பழையதே உட்கார்ந்திருந்தது.

மறுநாளும் புதியதைப் போட்டாள். மறுநாளும் கடைக்குப் போய் வருவதற்குள் பழையது வந்துவிட்டது.

பெட்டிக்குப் பின்னால் மானிட்டர் கேபிளைச் செருக இரண்டு இடம் உண்டு. கீழே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டினுடையது. மேலே இருப்பது சாதாரணமானது. கார்டு படுத்துகிறதே என்று கேபிளை மேலே மாற்றினாள். படம் வந்தது, ஆனால் கூடத்தை ஒரு சுற்று திருப்புவதற்குள் உயிர் போய்விடும் போலிருந்தது. சரி, மெயிலாவது பார்க்கலாம் என்று விட்டுவிட்டுக் காய் வாங்கப் போனாள். திரும்பி வந்தால் கேபிள் கீழே இருந்தது.

அம்மாவைக் கேட்டாள். பெருக்கும்போது துடைப்பம் பட்டிருக்கும் என்றாள் அம்மா. கேபிளை ஓரிடத்தில் கழற்றி இன்னோரிடத்தில் செருகிவிட்டுப் போகும் துடைப்பத்தைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கப் பெரியவளுக்குத் தெம்பு இல்லை.

அப்புறம் என்ன காரணமோ, முந்தாநாளிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. நேற்று முழுக்க ஒத்திகை பார்த்தாள். கூடம் எண்ணெய் போட்ட மாதிரி திரும்பியது. இன்று காலையில் மறுபடியும் இப்படி.

வழக்கமாகக் கடைக்குப் போகும் நேரம் வந்தது. அவள் போகவில்லை. இருப்பதை வைத்து ஏதோ ஒன்று சமைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மேசையடியில் தவழ்ந்தாள். அம்மா இரண்டு தடவை வந்து, "காய் எதுவும் வாங்கலையா?" என்று கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது பெரியவள் மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே போனாள்.

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி போனாள். போனில் யாரிடமோ முணுமுணுவென்று பேசினாள். கம்ப்யூட்டர் மேசை தெருவைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. மத்தியானம் அந்த ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது.

சின்னவன்தான். படி ஏறவில்லை. சுவரோரமாக, பூந்தொட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி நின்றிருந்தான். அக்காவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினான்.

"என்ன ஆச்சுன்னு கேளும்மா."

மூன்று பேருக்கும் நடுவில் இரண்டு கை தூரம்தான். ஆனாலும் அம்மா பெரியவள் பக்கம் திரும்பி, "என்ன ஆச்சுன்னு கேக்கறான்" என்றாள்.

பெரியவள் திரையைப் பார்த்தபடியே, படம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை ஜன்னலுக்குச் சொன்னாள். ஜன்னல், என்னென்ன செய்து பார்த்தாள் என்று கேட்டது. இவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். புதிய டிரைவர் போட்டது, அது தானாகவே கழன்றுபோய்ப் பழையது வந்தது, மறுபடி போட்டது, மறுபடி கழன்றது.

ஜன்னல் ஒருமுறை இருமியது.

"தானா கழறலைன்னு சொல்லும்மா. நான்தான் எடுத்தேன். அந்தப் பழைய கார்டுக்குப் புது டிரைவர் ஒத்துக்காது. யாரோ தப்பாப் போட்டுக்கிட்டே இருக்காங்களேன்னு நானும் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

இதை அம்மா திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பெரியவள் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் கடைக்குக் கிளம்பியதும் அம்மா போன் செய்திருக்கிறாள். அவன் கல்லூரியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்து, கால் மணி நேரம் பெட்டிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவள் தெருமுனை திரும்புவதற்குள் போயிருக்கிறான். அவள் கொடுத்த மருந்தை அவன் எடுத்திருக்கிறான், அவன் கொடுத்த மருந்தை அவள் எடுத்திருக்கிறாள். பத்து நாளாக ஒரே நோயாளிக்கு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், இரண்டு பேர்.

"படி ஏறாதன்னு சொன்னேன்" என்றாள். முதல்தடவையாக நேராக ஜன்னலைப் பார்த்து.

"நீ இருக்கறப்ப ஏறாதன்னுதான் சொன்ன. நீ இல்லாதப்பதான் ஏறினேன்."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். பெரியவளுக்குச் சண்டை போட வாய் வரை வந்தது. ஆனால் மூன்று மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இப்போது என்ன செய்ய வேண்டுமாம் என்று அம்மாவிடம் கேட்டாள்.

கார்டைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் தங்கநிற விளிம்பை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்பப் பொருத்த வேண்டுமாம். முந்தாநாள் அவன் பெட்டிக்குள் தூசி எடுத்தபோதுதான் எல்லாம் சரியானது. மறுபடி ஏதாவது அசைந்திருக்கும் என்பது அவன் கணிப்பு. பெரியவள் மின்சாரத்தை அணைத்து, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். இரண்டு விசிறி பொருத்திய கனமான கார்டு அது. பிடித்திருந்த திருகைக் கழற்றும்போது அது கை நழுவி அலமாரிக்கு அடியில் உருண்டு போயிற்று. போகட்டும் என்று விட்டாள்.

"கார்டோட நுனில ஒரு கொக்கி இருக்கும். அதை அழுத்திட்டு அப்புறம் இழுக்கச் சொல்லும்மா" என்றது ஜன்னல்.

அம்மா பாவம், வாங்கிச் சொல்ல வேண்டுமல்லவா? "நுனில ஒரு..." என்று நிறுத்தி, "என்னடா அது?" என்று மறுபடி கேட்டாள். அதற்குள் உள்ளே பெரியவள் இழுத்துவிட்டாள்.

டக்கென்று ஒரு சத்தம் வந்தது. கார்டு கையோடு வந்துவிட்டது. அதோடு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்றும் தெறித்து அம்மாவின் கால் பக்கம் விழுந்தது.

"கொக்கி" என்றாள் அம்மா, நேரம் கடந்து.

நேராகப் பேசியிருந்தால் ஒரு கொக்கி பிழைத்திருக்கும். சின்னவன் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். பெரியவள் அழிரப்பரால் விளிம்பைத் துடைத்து, ஊதி, கார்டை மறுபடி உள்ளே அழுத்தி, மின்சாரத்தைப் போட்டாள். விசிறி ஓடியது. அந்தச் சின்ன எழுத்தைத் தவிர திரை கறுப்பாகவே இருந்தது.

பெரியவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழவில்லை. கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தால் தேவலை போலிருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடமாக விடிந்ததும் எழுந்து, மாத்திரை, வெந்நீர், சமையல், அம்மாவின் கால்பயிற்சி, நடுநடுவே திருடிய நேரத்தில் வேலை என்று ஓடியது எல்லாம் இந்த ஒரு கறுப்புத் திரையில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா" என்றான் சின்னவன். மூன்று வாரத்தில் முதல் அக்கா. "ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்கு? அப்படியே படி."

"சிக்னல் இல்லைன்னு."

"அதுக்கு மேல?"

அவள் குனிந்து பார்த்தாள். மூலையில், இத்தனை நாள் யாரும் கவனிக்காத அளவுக்குச் சின்னதாக, எச்டிஎம்ஐ இரண்டு என்று இருந்தது.

"ரெண்டா?" என்றான் அவன். "மானிட்டர் பின்னால கேபிள் எதுல செருகியிருக்கு?"

தடவிப் பார்த்தாள். "ஒண்ணுல."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். கேபிள் ஒரு வாசலில் நிற்கிறது, மானிட்டர் இன்னொரு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு அவ்வளவுதான் நோய். கார்டில் ஒன்றுமில்லை, டிரைவரில் ஒன்றுமில்லை. மானிட்டரின் அடி விளிம்பில் இருக்கும் பொத்தானை யாரோ அழுத்தி, வாசலை மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

"அதுவா மாறாது. யாராவது பட்டனை அமுக்கினாத்தான் மாறும்" என்றான். "நீ அமுக்கினியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அவனும் முந்தாநாளுக்கு அப்புறம் வரவில்லை. வீட்டில் மீதி இருப்பது ஒரே ஓர் ஆள்.

அம்மா கைத்தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். முதலில் துடைக்கும்போது பட்டிருக்கும் என்று பூசி மெழுகப் பார்த்தாள். பெரியவள் பார்த்த பார்வையில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

முந்தாநாள் திரையைத் துடைக்கும்போது அந்தப் பொத்தானில் தற்செயலாக அம்மாவின் கை பட்டிருக்கிறது. படம் போய்விட்டது. பயந்துபோய் மறுபடி மறுபடி அழுத்தியதில் திரும்பி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி சரியாகிவிட்டதால் சின்னவன் வருவதும் நின்றுவிட்டது. இன்று காலை, பெரியவள் குளித்துக்கொண்டிருந்தபோது, அம்மா தெரிந்தேதான் அழுத்தினாள். வழக்கம்போல் இவள் கடைக்குப் போவாள், அவன் வருவான், கால் மணி நேரத்தில் சரி செய்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள். இவள் கடைக்குப் போகவில்லை. மேசையை விட்டே நகரவில்லை. பொத்தானைத் திருப்பி அழுத்த வழியில்லாமல், சொல்லவும் தைரியமில்லாமல், காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னைக்கு மூணு மணிக்கு என்னன்னு உனக்குத் தெரியும்தானேம்மா" என்றாள் பெரியவள். குரல் உயரவில்லை.

"தெரியும். அதுக்குள்ள அவன் வந்து சரி பண்ணிடுவான்னுதான்..."

"எனக்கு என்ன ஆகும்னு நினைச்சியா?"

அம்மா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னதில் ஒரு சூதும் இல்லை. "நீ தினம் இருக்க. அவன் வரமாட்டேங்கறானே."

அந்த வார்த்தை பெரியவளுக்குள் எங்கே போய் இறங்கியது என்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். இருக்கிறவள் இருந்துகொண்டே இருப்பாள். வராதவனுக்காகத்தான் ஏங்க வேண்டும், வராதவனுக்காகத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு வருடம் பக்கத்திலேயே இருந்தவளுக்கு, தான் இந்த வீட்டில் சுவர் மாதிரி ஆகிவிட்டது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொல்லக்கூட அவகாசம் இல்லை.

பொத்தானை அழுத்தினாள். திரை விழித்துக்கொண்டது. ஒரு நிமிடம் ஒழுங்காக நின்றது. அப்புறம் குறுக்கே கோடு ஓடியது, படம் நடுங்கியது, அணைந்தது.

"கொக்கி இல்ல, திருகும் இல்ல. கார்டு கனத்துல தொங்குது" என்றான் சின்னவன், கம்பி வழியாக எட்டிப் பார்த்து. "அடில முட்டுக் கொடுக்கணும்."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "உள்ள வா" என்றாள்.

அவன் படி ஏறி வந்தான். அதைக் கொண்டாட யாருக்கும் நேரமில்லை. அம்மாவின் மாத்திரை டப்பாவை அடியில் வைத்துப் பார்த்தான், எட்டவில்லை. இரண்டை அடுக்கினால் கார்டு மேலே தூக்கிக்கொண்டது. மரஸ்கேலைச் சாய்த்து வைத்தான், வழுக்கி விழுந்தது. அட்டையை மடித்து வைத்தான், கார்டின் கனத்தில் அது நசுங்கியது. அதற்குள் கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

சின்னவன் மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விசிறியில் படாமல் இரண்டு விரலைக் கார்டின் ஓரத்தில் கொடுத்து, மெல்ல உயர்த்தினான். படம் நின்றது.

"இப்படியே பிடிச்சுக்கறேன். நீ பேசு."

பெரியவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அழைப்பை எடுத்தாள்.

எதிர்முனையில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர். அந்த நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவி. அதிகம் சிரிக்காதவர், ஆனால் கவனமாகப் பார்ப்பவர். கூடத்தைத் திருப்பச் சொன்னார். பெரியவள் திருப்பினாள். காலை வெளிச்சத்தை மாலை வெளிச்சமாக்கச் சொன்னார். ஆக்கினாள். வரவேற்பு மேசையை ஏன் தாழ்வாகப் போட்டிருக்கிறாள் என்று கேட்டார். சக்கர நாற்காலியில் வருகிறவர் அண்ணாந்து பார்த்துப் பேசக்கூடாது என்பதற்காக என்றாள். உட்காரும் இடங்களில் கைப்பிடி ஏன் இவ்வளவு என்று கேட்டார். இடுப்பு சரியில்லாதவர்கள் எழும்போது எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுவார்கள், அப்போது அது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றாள். பாடப்புத்தகத்தில் படித்ததல்ல அது. இந்த வீட்டில் நாள்தோறும் பார்த்தது.

மேசைக்கு அடியில் சின்னவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கை மரத்துப்போக ஆரம்பித்தது. மற்றொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். பெட்டியின் சூடு முகத்தில் அடித்தது.

கடைசியில் அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். வேலை பிடித்திருக்கிறது என்றார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். வீட்டிலிருந்து ஒரு வருடம் செய்து தருவது என்றால் அப்படியே செய்யலாம், அது நாங்கள் சொன்னதுதான். ஆனால் இந்த மருத்துவமனையைக் கட்டி முடிக்கும் வரை கூடவே இருக்க எங்கள் அலுவலகத்தில் ஓர் ஆள் தேவை. அடுத்த மாதம் வந்து சேர முடியுமானால் அந்த இடம் உங்களுக்கு. இரண்டில் எது உங்களுக்குத் தோது?

பத்து நாளாகப் பெரியவள் ஒரே பதிலைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வீட்டிலிருந்தே செய்கிறேன் என்ற பதில். அது நாக்கு நுனியில் இருந்தது.

அறை வாசலில் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். பெரியவள் அவளைப் பார்த்தாள். அம்மா பெரியவளைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில், நடுங்கிக்கொண்டிருந்த மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வலிக்கிறதே என்ற கவலை அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

பெரியவள் திரைக்குத் திரும்பினாள்.

"ஆபீஸுக்கே வந்துடறேங்க" என்றாள்.

"வீட்டுல அம்மா இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்களே. அவங்களுக்குச் சிரமம் இல்லையா?"

"இல்லைங்க. என் தம்பி இங்கதான் இருக்கான். அவன் பார்த்துக்குவான்."

வாசலில் கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே நேரம் சின்னவனின் சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. மனைவியாகத்தான் இருக்கும். நாலாவது மாடியில் இருப்பவளுக்கு இந்தச் செய்தி இன்னும் தெரியாது. அவளை யாரும் கேட்கவும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவனிடம் கை இல்லை.

திரையில் கூடம் ஒருமுறை நடுங்கியது. கைப்பிடிகளின் மேல் ஒரு கோடு குறுக்கே ஓடியது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே குனிந்து பார்க்கவில்லை. அவன் விரலை எடுக்க வேண்டுமென்றுகூட இல்லை, கொஞ்சம் தளர்த்தினாலே போதும், அவள் சொன்ன பதில் பாதியில் அறுந்து, எல்லாம் பழையபடி ஆகிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னால் யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும்.

கோடு மறைந்தது. படம் நிலைத்தது. அவன் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.